விவசாய வீடியோவில் வரும் பணம் விவசாய வருமானம் ஆகுமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்றரை ஏக்கரில் முருங்கையும் சின்ன வெங்காயமும் சாகுபடி செய்து வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவியின் யோசனைப்படி யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினோம். நான் பேசுகிறேன், படம் பிடிப்பதும் எடிட்டிங்கும் அவர் பொறுப்பு. இப்போது 1,40,000 பேர் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார்கள். மாதம் 20,000 முதல் 45,000 ரூபாய் வரை என் கணக்கில் வருகிறது. முருங்கைக் கவாத்து பற்றிய ஒரு வீடியோ பரவலாகப் போன மாதத்தில் மட்டும் 92,000 வந்தது. விவசாயி எடுக்கும் விவசாய வீடியோ என்பதால் இதற்கு வரி கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள், உண்மையா? பாதிப் பணத்தை மனைவி பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லதா? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு முழு நேரமும் இதிலேயே இறங்கலாமா? கடைசியாக ஒன்று. பயிர் டானிக் தயாரிக்கும் ஒரு நிறுவனம் ஆறு வீடியோக்களுக்குத் தலா 60,000 ரூபாயும், 1,10,000 ரூபாய் பெறுமானமுள்ள பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) ஒன்றும் தருவதாகச் சொல்கிறது. "விளம்பரம் என்று சொல்ல வேண்டாம், நீங்களே போட்டுப் பார்த்த மாதிரி பேசுங்கள்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ஆடிட்டர் பதில்:

ஊரில் சொல்வது சரியல்ல. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடைகளும் அந்த இடத்திலிருந்துதான் பிரிகின்றன. விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் விவசாயிக்கு வரும் எல்லா வருமானத்துக்கும் விலக்கு உண்டு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. வேளாண்மைக்குப் பயன்படும் நிலத்துக்குக் கிடைக்கும் குத்தகை, அந்த நிலத்தில் விளைந்ததை விற்றுவரும் பணம், விளைந்த பொருளைச் சந்தைக்கு ஏற்றதாக்க விவசாயி வழக்கமாகச் செய்யும் பக்குவத்தால் கிடைப்பது ஆகியவற்றையே 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(1ஏ) பிரிவு விவசாய வருமானம் என்று வரையறுக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விலக்கின் தன்மை மாறவில்லை. இந்த வரையறை எதுவரை நீளும் என்பதை ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் 1957-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது: உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படைப் பணிகள் நிலத்தின் மீது நடந்திருக்க வேண்டும்; அவற்றைத் தொடர்ந்து செய்யப்படும் களையெடுப்பு, காவல், அறுவடை போன்றவை அவற்றோடு சேர்ந்தால் மட்டுமே வேளாண்மை ஆகும்.

யூடியூப் உங்களுக்குத் தரும் பணம், உங்கள் வீடியோவுக்கு முன்னும் நடுவிலும் ஓடும் விளம்பரங்களில் உங்களுக்குரிய பங்கு. நீளமான வீடியோக்களில் அந்த விளம்பர வருவாயின் 55 சதவீதம் சேனல் நடத்துபவருக்குப் போகிறது. கேமராவுக்கு முன்னால் முருங்கை மரம் நிற்பதால் அந்தப் பணம் நிலத்திலிருந்து வந்ததாகிவிடாது. தோட்டத்தைச் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டாலும் அந்த வாடகை விவசாய வருமானக் கணக்கில் சேராது என்பது இதோடு ஒத்த நிலைதான்.

இதன் மறுபக்கம் உங்களுக்குச் சாதகமானது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு யாரேனும் உங்களிடம் நேரடியாக முருங்கைக்காயோ வெங்காயமோ வாங்கினால், கமிஷன் கடையில் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு விலைக்குப் போனாலும் அது விவசாய வருமானமே. நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை விற்றுவரும் பணமும் அப்படித்தான். 2008-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதைத் தனி விளக்கமாகவே சேர்த்துவிட்டது. முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கிப் பொட்டலம் போட்டு விற்றால் மட்டும் கணக்கு இரண்டாகப் பிரியும். பச்சை இலைக்கே சந்தை இருப்பதால், இலையின் சந்தை மதிப்பு வரையில் விவசாயம், அதற்கு மேல் கிடைக்கும் இலாபம் வியாபாரம். பொடிக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். விதை விற்கும் எண்ணம் இருந்தால், சொந்த விளைச்சலில் எடுத்த விதையை விற்கும் உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உங்களுக்கு அளிக்கிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையைச் சேனலின் பெயரை அச்சிட்டு பிராண்டாக விற்க அதில் இடமில்லை. என் பார்வையில், உங்களைப் போன்ற சேனல்களுக்கு விளம்பரப் பங்கைவிட இந்த நேரடி விற்பனைதான் நாளடைவில் கெட்டியான வருமானம்.

இனி எண்களுக்கு வருவோம். விளம்பரப் பங்கு மாதச் சராசரி 35,000 என்றால் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். அந்த நிறுவனத்தின் பணத்தையும் வாங்கினால் 3,60,000. பவர் வீடரின் மதிப்பு 1,10,000. பொருளாகக் கிடைத்தாலும் அதுவும் வருமானம்தான். ஆக 8,90,000. மொபைல், மைக், முக்காலி ஆகியவற்றின் தேய்மானம், நெட் ரீசார்ஜ், வெளியூர் படப்பிடிப்புக்குப் போய்வந்த செலவு என்று 1,50,000 கழிந்தால் 7,40,000 நிற்கும். 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித்தள்ளுபடி இருப்பதால் நீங்கள் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. ஆனால் அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லை என்பதும் தாக்கல் வேண்டாம் என்பதும் ஒன்றென்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு நோட்டீசோடு வருபவர்கள் பலர். விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருப்பதால் எளிய படிவமான ஐடிஆர்-4 உங்களுக்குப் பொருந்தாது, ஐடிஆர்-3 தான். சமூக ஊடகத்தில் தொழில் செய்பவர்களுக்கென்று 16021 என்ற தனித் தொழில் குறியீடும் இப்போது அதில் வந்துவிட்டது. கடந்த ஆண்டுகளில் தாக்கல் செய்யவில்லையென்றால், வங்கி அறிக்கைகளோடு உள்ளூர் ஆடிட்டர் ஒருவரை இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

வருமானம் 12 லட்சத்தைத் தாண்டும் ஆண்டில் ஒரு நுட்பம் குறுக்கே வரும். வரிவிலக்குள்ள விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி போடமாட்டார்கள்; ஆனால் வரி விகிதத்தைத் தீர்மானிக்க அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வீடியோ வருமானம் செலவு போக 13 லட்சம், விவசாயத்தில் நிகரம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 லட்சத்துக்கு மட்டும் பார்த்தால் வரி 75,000. சேர்த்துப் பார்க்கும் முறையில் 15 லட்சத்துக்கான 1,05,000 ரூபாயிலிருந்து, 2 லட்சத்தோடு அடிப்படை வரம்பு 4 லட்சத்தையும் கூட்டிய 6 லட்சத்துக்கான 10,000 ரூபாயைக் கழிப்பார்கள், 95,000 வரும். செஸ் தனி. விவசாய வருமானத்தை மறைத்தால் 20,000 மிச்சம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஆனால் தோட்டத்தில் நின்று அறுவடையைக் காட்டி வாரம் ஒரு வீடியோ வெளியிடும் ஒருவர் விவசாய வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுப்பதைவிட எளிதாகப் பிடிபடும் பொய் வேறெதுவும் இருக்க முடியாது. மேலும், ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் முன்வரியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறுகிறீர்கள் என்றால், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

செலவுக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. உரம், பூச்சிமருந்து, களைவெட்டுக் கூலி ஆகியவற்றை வீடியோ வருமானத்தில் கழிக்க முடியாது. அவை வரிவிலக்குள்ள வருமானத்துக்கான செலவுகள். வீடியோவுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வரவும் செலவும் அதன் வழியாகவே நடக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். மாதந்தோறும் ஆட்சென்ஸ் (யூடியூப் விளம்பரப் பணம் வரும் கூகுள் கணக்கு) அறிக்கையையும், வெளிநாட்டுப் பணம் வரவானதற்கு வங்கி தரும் சான்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இரவுப் படப்பிடிப்புக்கு மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து விளக்குப் போடும் வழக்கம் உங்களிடம் இருந்தால் விட்டுவிடுங்கள். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தை வேறு தொழிலுக்குப் பயன்படுத்தியதற்கு உங்கள் வீடியோவே சாட்சியாகிவிடும்.

அமெரிக்க வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஆட்சென்ஸ் கணக்கைத் திறந்து ஒரு முறை பாருங்கள். அதில் டபிள்யூ-8 பிஇஎன் என்ற படிவம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். நிரப்பி, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தையும் குறிப்பிட்டிருந்தால், அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் கிடைக்கும் பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். படிவமே இல்லையென்றால், உலகம் முழுவதிலிருந்தும் வரும் உங்கள் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்க இடமுண்டு. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் இறுதியில் அது காலாவதியாகும் என்பதால், சேனல் தொடங்கியபோதே நிரப்பியிருந்தாலும் தேதியைச் சரிபாருங்கள். ஜிஎஸ்டி இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தை நெருங்கும்போது யோசிக்கலாம். ஸ்பான்சர் நிறுவனம் வற்புறுத்துகிறது என்பதற்காக மட்டும் பதிவு எண் வாங்கிவிடாதீர்கள். வாங்கிவிட்டால், வரவே இல்லாத மாதங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

மனைவி பெயருக்குப் பாதியை மாற்றுவது பற்றி: இன்றைய அளவில் உங்களுக்கு வரியே இல்லாதபோது, மாற்றி மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. வரி வரும் நிலை ஏற்பட்டாலும், கணவர் நடத்தும் தொழிலிலிருந்து மனைவிக்குச் சம்பளம் என்று எழுதினால், அந்த வேலைக்குரிய தொழில்நுட்பத் தகுதியும் அனுபவமும் அவருக்கு இருந்து, அந்தச் சம்பளம் முழுக்க அதனால்தான் கிடைத்தது என்று காட்ட முடிந்தாலன்றி, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி அதை உங்கள் வருமானத்தோடே சேர்த்துவிடுவார்கள். ஆனால் வரியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யோசனை அவருடையது, கேமராவும் எடிட்டிங்கும் அவருடையவை. ஆவணத்தில் மட்டும் அவர் பெயர் எங்கும் இல்லை. சேனலைப் பிராண்டு கணக்காக மாற்றி இருவரையும் உரிமையாளர்களாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் மொபைல் தொலைந்தாலோ, உங்களுக்கே ஏதேனும் ஆனாலோ அவரால் சேனலைத் தடையின்றித் தொடர முடியும். இனி இலைப்பொடி போன்ற புதிய வியாபாரம் தொடங்கினால், அவருடைய சொந்தச் சேமிப்பையோ அவர் பெயரிலான கடனையோ முதலாகப் போட்டு அவர் பெயரிலேயே தொடங்குவது முறையாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் தொடங்கினால் அதன் இலாபமும் உங்களோடு சேர்ந்துகொள்ளும்.

குத்தகைக் கேள்விக்கு என் பதில், விட வேண்டாம் என்பதே. 92,000 வந்த மாதத்தை வைத்து நீங்கள் கணக்குப் போடுகிறீர்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. சின்ன வெங்காயம் ஒரு வாரம் கிலோ நூறைத் தொட்டது என்பதற்காக மூன்றரை ஏக்கரிலும் வெங்காயம் ஊன்றிவிட மாட்டீர்கள் அல்லவா? விளம்பர வருவாய் பார்வை எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. பண்டிகைக் காலத்தில் விளம்பரதாரர்கள் போட்டியிட்டு வாங்குவதால் உயர்ந்து, ஜனவரியில் சரியும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறும். இதில் எதுவும் உங்கள் கையில் இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது, அதில் இலட்சக்கணக்கான பின்தொடர்வோரை வைத்திருந்த கிராமத்துக் கலைஞர்களுக்கு மறுநாள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. யூடியூபுக்கு அப்படி நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஒரே அச்சில் வார்த்துக் குவிக்கும் வீடியோக்களுக்குப் பணம் தர முடியாது என்பதை 2025 ஜூலை 15 முதல் அது இன்னும் அழுத்தமாக எழுதியிருக்கிறது. நிலத்தை விட்டுவிட்டவர்கள் போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் அதுதான். காட்டுவதற்குச் சொந்தப் பயிர் இல்லாததால் பிறர் வீடியோவைத் துண்டுதுண்டாக வெட்டி, கணினிக் குரலில் விளக்கம் சேர்த்து வெளியிடத் தொடங்குவார்கள்.

இந்தத் துறையில் நிலைத்தவர்களைக் கவனியுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தங்கள் தாத்தா பெரியதம்பியோடு 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனலானது. அவர்கள் காட்டியது தங்கள் ஊர் வயலையும் தங்கள் வீட்டுச் சமையலையும்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடும் ஜாக் ஜான்சன் என்ற விவசாயி, பண்ணையில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு யூடியூபில் கிடைப்பதாகச் சொன்னது அங்கே செய்தியானது. அப்போதும் அவர் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. அவரைப் பார்ப்பவர்கள் பார்ப்பதே விதைப்பையும் அறுவடையையும், நடுவயலில் பழுதாகி நிற்கும் இயந்திரத்தையும்தான். உங்களுக்கும் அதிகம் ஓடியது கவாத்து வீடியோ. சொந்த மரத்தை வெட்டுகிறவரின் கை அதில் தெரிந்ததால்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டத்தின் பக்கமும் இதையே சொல்கிறது. குத்தகைக்கு எடுப்பவர் தம் உழைப்பைப் போட்டுச் சாகுபடி செய்பவராக இருந்தால், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு உண்டு. நீங்கள் நினைத்தபோது நிலத்தைத் திருப்பி எடுக்க முடியாது. நேரம் போதவில்லை என்பதுதான் சிக்கல் என்றால், ஆள் அதிகம் கேட்கும் வெங்காயப் பரப்பைக் குறைத்துக்கொண்டு முருங்கையைத் தொடருங்கள். நல்ல கேமராவும் டிரோனும் வாங்க நகைக்கடன் எடுக்கும் யோசனை இருந்தால், கேமராவுக்கு மட்டும், அதையும் கையிருப்பில் வாங்குங்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்தே தடை இருக்கிறது. 250 கிராமுக்கு மேற்பட்டது என்றால் பதிவெண்ணும் கட்டாயம். விவசாயச் செலவுக்கென்று குறைந்த வட்டியில் வாங்கும் கடனை இதில் போடுவது கடன் நிபந்தனைக்கு மாறானது.

இப்போது அந்த டானிக் நிறுவனம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். பணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் விதத்தில் வாங்க முடியாது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதை நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அதுவும் கீழே உள்ள குறிப்பில் எழுதிவிட்டால் போதாது. வீடியோவின் உள்ளே, எழுத்திலும் குரலிலும், நீங்கள் பேசும் அதே மொழியில் வர வேண்டும். "இது கட்டண விளம்பரம்" என்று தமிழில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். யூடியூபில் வீடியோவை ஏற்றும்போது கட்டண விளம்பரத்துக்கான கட்டத்தையும் டிக் செய்யுங்கள். போட்டுப் பார்க்காததைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னால் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளருக்கு மட்டுமின்றிப் பரிந்துரைத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம், மூன்றாண்டு. ஆறு வீடியோக்களின் மொத்தத் தொகை 3,60,000 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தத் தண்டனையிலிருந்து பரிந்துரைப்பவரைக் காப்பதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: பொருளைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மைதானா என்று தக்க கவனத்தோடு சரிபார்த்ததை அவர் காட்ட வேண்டும்.

சரிபார்ப்பதில் முதல் வேலை தாள்களைப் பார்ப்பது. உரக்கடைகளில் டானிக் என்று விற்கப்படும் பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. தற்காலிகப் பதிவை வைத்துக்கொண்டு விற்கும் காலம் 2025 ஜூன் 16 அன்று முடிந்துவிட்டது. இப்போது ஆணையின் ஆறாவது அட்டவணையில், எந்தப் பயிருக்கு என்ற விவரத்தோடு இடம்பெற்றவற்றை மட்டுமே விற்க முடியும். எனவே லேபிளின் இரு பக்கங்களையும் வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டவணையில் அந்தப் பொருள் எங்கே இருக்கிறது, அதில் முருங்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பூச்சியையும் கட்டுப்படுத்தும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்களானால், அது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கு மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவுக்குழுவின் எண் தனியாக வேண்டும். கிடைத்த தாள்களை உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டினால் ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடும். இதையெல்லாம் கேட்ட பிறகு அந்த நிறுவனம் தொலைபேசியை எடுக்காமல் போனால், உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

தாள்கள் சரியாக இருந்தால் அடுத்தது தோட்டம். ஒரே வயதுள்ள, ஒரே சொட்டுநீர் லைனில் நிற்கும் மரங்களில் இரண்டு வரிசைக்கு அடியுங்கள். பக்கத்து இரண்டு வரிசைக்கு வெறும் தண்ணீர். உரமும் பாசனமும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அடிக்கிற நாளில் பாட்டிலின் பேட்ச் எண்ணையும், டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதையும் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாகப் பதிவுசெய்யுங்கள். காய் பறிக்கும்போது ஒவ்வொரு பறிப்பையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, தராசின் எண் தெரியும்படி படம் எடுத்து, நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். உங்களிடம் இருப்பது பி.கே.எம்.-1 என்றால், அந்த இரகத்தை வெளியிட்ட பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எத்தனை மரங்களில் சோதித்தால் முடிவை நம்பலாம் என்று அங்கே கேளுங்கள். வெட்டாத அந்தப் பதிவுகளை அழிக்காமல் ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்திருங்கள். பின்னாளில் யாரேனும் வழக்குப் போட்டால், தக்க கவனத்தோடு நடந்துகொண்டதற்கு உங்களிடம் உள்ள சாட்சி அதுதான்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: விளம்பரம் என்று அறிவிப்பீர்கள் என்பது, சோதனையில் கண்டதை, சாதகமில்லையென்றாலும், அப்படியே சொல்வீர்கள் என்பது, பொருளின் தரத்தாலோ பதிவின்மையாலோ எழும் வழக்குச் செலவு நிறுவனத்துடையது என்பது. வசனத்தை அவர்கள் திருத்தலாம் என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தால் பதற வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகி, தாக்கலின்போது திரும்பக் கிடைக்கும். பவர் வீடர் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் என்பதால், அதே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194ஆர் பிரிவின்படி அதன் மதிப்பில் 10 சதவீதமான 11,000 ரூபாய் வரி கட்டப்பட்ட பிறகே அவர்கள் அதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த 11,000 யார் தலையில் என்பதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள். வீடியோவில் ஓட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இருந்தால் இந்த வரி கிடையாது.

சோதனைக்கு ஒரு காய்ப்புப் பருவமாவது பிடிக்கும். அதுவரை காத்திருக்க நிறுவனம் சம்மதித்தால் கையெழுத்திடுங்கள். அடுத்த வாரமே வீடியோ வேண்டும் என்றால் மறுத்துவிடுங்கள், பவர் வீடரைப் பார்த்து மனம் மாற வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை பவர் வீடருக்கு மானியம் தருகிறது. சிறு விவசாயி சான்று பெறும் தகுதி உங்களுக்கு இருந்தால் மானிய விகிதமும் கூடும். உழவன் செயலியில் பதிவுசெய்துவிட்டு, உங்கள் பகுதியின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.